ரயிலை மறித்த வெள்ளைக் குதிரை

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். எங்கள் கல்லூரி நான்கு தகரக் கொட்டகையில் இருந்து ஐந்து மாடிக் கட்டடமாக எழும்பும் என்று அத்திவாரம் வெட்டும் முன்னரே சொன்னவன் நான். சரி, மூன்று மாடி. இந்த நாட்டுப் பிரதமரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று ஒரு கிழமை முந்தியே சொன்னேன். மற்றவர்கள் சிரித்தார்கள். நீர் மட்டும் சோற்றைப் பிசைந்தபடி "நடக்கலாம் அண்ணை" என்றீர். படவரைவு வகுப்புக்குப் பெண்பிள்ளைகளும் வருவார்கள் என்றேன். உம்முடைய மகள் ரஞ்சினி இந்தக் கல்லூரியிலேயே படித்து முதற்பரிசு எடுப்பாள் என்று, அவள் இரட்டைப் பின்னலோடு எங்கள் வீட்டுப் பூனையைத் துரத்திக்கொண்டு திரிந்த நாளிலேயே சொன்னேன். இதோ, அடுத்த புதன்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குப் பெரிய மண்டபத்தில் அவளுக்குப் பரிசு கொடுக்கிறார்கள். கல்லூரிச் செய்தித்தாளில் முதல் செய்தியே அதுதான். அதை அச்சடிப்பவனும் நான்தான்.

நீர் கண்மூடி இரண்டு வருடமாகிவிட்டது. இருந்திருந்தால் எனக்குச் சாட்சி சொல்லியிருப்பீர்.

இன்று இந்த மடலை எழுத வைத்தது என் பெருவிரலில் ஒட்டியிருக்கும் மணம். எங்கள் செய்தித்தாள் எப்படி உண்டாகிறது என்று உமக்குத் தெரியும். அலுவலகத்து டொரீன் மெழுகுத்தாளில் தட்டெழுத்தால் அடித்துத் தருவாள். நான் அதை ரோனியோ நகல் மெஷினில் பூட்டிக் கைப்பிடியைச் சுற்றுவேன். மெழுகுத்தாளில் பிழை விழுந்தால் அடைப்பதற்கு ஒரு சின்னப் போத்தலில் சிவப்புத் திரவம் இருக்கிறது. நகப்பூச்சு மாதிரி மணம். மூடியைத் திறந்தால் மூக்குக்குள் போய்க் குந்திவிடும். இன்று மத்தியானம் அந்தப் போத்தலைத் திறந்தேன். எதை அடைத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மிச்சத்தை எழுத மாட்டேன், பேனாவை மூடிவிட்டு எழும்பிவிடுவேன். என்னை உமக்குத் தெரியும்தானே.

முதன்முதலாக நீர் எங்கள் வீட்டுக்கு வந்ததை யோசித்துப் பார்க்கிறேன். டண்டினொங் புறநகரில் அப்போது தமிழ்க் குடும்பம் என்று சொல்ல ஐந்துதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் எங்கள் வீட்டில். என் மனுசி ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தபடியால் அவளுடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான் என்பதை அவர்களுக்கு நான் சொல்லவில்லை. அவுஸ்திரேலியா அரசாங்கமே அச்சுத்துறைக்கு ஆள் தேடி என்னை அழைத்தது என்று சொல்லிவைத்திருந்தேன். ஏழாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்பாள் மனுசி. ஆனால் அதுவும் குசினிக்குள் மட்டும். விருந்தினர் முன்னால் ஒரு நாளும் என்னைக் காட்டிக்கொடுத்தவள் அல்ல.

நீர் அன்று கையில் ஒரு நீளமான தகரக் குழாயோடு வந்தீர். மீன்பிடித் தூண்டிலாக்கும் என்று நினைத்தேன். திறந்து காட்டினீர். உள்ளே சுருட்டிய நீலப் படங்கள். ஊரில் பொதுவேலைத் திணைக்களத்தில் பன்னிரண்டு வருடம் படவரைஞராக இருந்த காலத்தில் நீர் வரைந்த மதகுகள், பாலங்கள், ஒரு சின்ன ஆஸ்பத்திரிக் கட்டடம். கப்பலில் ஏறும்போது உடுப்பைக் குறைத்து இந்தக் குழாயைக் கொண்டுவந்ததாக உம்முடைய மனுசி முறையிட்டாள். அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், அது உமக்குத் தெரியும். இங்கே வந்து உமக்குக் கிடைத்தது கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தகட்டை அமுக்கும் மெஷினுக்கு முன்னால் ஒரு நிலை. நாள் முழுக்க நின்ற நிலை. ஊர்ச் சான்றிதழை இங்கே ஒருவரும் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு ஒரு கோழிக்கூடு வேண்டும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? அடுத்த ஞாயிறு நீர் ஒரு படத்தை விரித்தீர். முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேலே இருந்து பார்த்தால் எப்படி, கோழி ஏறும் பலகையின் சாய்வு எத்தனை பாகை, எல்லாம் ஊசி மாதிரிக் கோட்டில்.

"தம்பி, நாலு கோழிதானே, கூட்டத்துக்கு மண்டபமே கட்டப்போறீர்?" என்று கேட்டேன்.

"கோழிக்கும் அளவு இருக்கு அண்ணை. அளவு போடாத படம் படமில்லை."

இந்த ஒரு வசனத்தை நீர் எத்தனை தரம் எனக்குச் சொல்லியிருப்பீர்! நான் ஒரு கதை சொன்னால் கடைசியில் மெதுவாக, "அளவைப் போடுங்கோ அண்ணை" என்பீர். ஆயிரம் பேர் வந்தார்கள் என்பேன். நீர் என் முகத்தைப் பார்ப்பீர். "சரி, இருநூறு" என்பேன். இன்னும் பார்ப்பீர். "அறுபது கதிரை போட்டது" என்று முடிப்பேன். உமக்கு முன்னால் மட்டும் என் கதைகள் தங்கள் உண்மையான உயரத்துக்கு வந்து நிற்கும். கோபமே வராது எனக்கு. ஏனோ தெரியாது.

கதிரை என்று எழுதிவிட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் நான் கல்லூரிச் செய்தி வாசிப்பேன். அந்த வாரத்துச் செய்தித்தாளை மடித்துப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி, நின்றுகொண்டு வாசிப்பேன். வரப்போகும் நிகழ்ச்சிகள், புதிய படிப்புகள், யார் வருகிறார், யார் போகிறார். குழாய் பொருத்தும் வகுப்பின் கண்காட்சி என்று தாளில் இருந்தால், மூன்று நாட்டுத் தூதுவர்கள் வந்து குழாயைத் திறந்து வைக்கிறார்கள் என்று வாசிப்பேன். மரவேலைப் பிரிவில் புதிய வாள் மெஷின் வந்தால், தென்னரைக்கோளத்திலேயே அதுதான் பெரிது. பிள்ளைகள் கை தட்டுவார்கள். நீர் கையை நீட்டுவீர்.

"அண்ணை, அந்தத் தாளை ஒருக்காத் தாங்கோ. நான் பாத்திட்டுத் தாறன்."

"தரேலாது தம்பி. உது உத்தியோக இரகசியம்."

"கல்லூரிச் செய்தியே? ஊருக்குச் சொல்லத்தானே அடிக்கிறது?"

"உமக்கு விளங்காது. பிரசுர அதிகாரி எண்டால் சில கட்டுப்பாடுகள் இருக்கு."

ஆம், நான் எல்லாருக்கும் சொல்லிவைத்தது அதுதான்: பிரசுர அதிகாரி. காலையில் கழுத்துப்பட்டி கட்டி, கையில் தோல்பையோடு ரயிலில் ஏறுவேன். கிளேட்டனில் இறங்கி பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனதும் பின்னறையில் கழுத்துப்பட்டியைக் கழற்றிவிட்டுச் சாம்பல் நிற வேலைக்கோட்டைப் போடுவேன். ரோனியோ சுற்றுவது வாரத்தில் ஒன்றரை நாள்தான். மிச்ச நாள் மண்டபத்தில் கதிரை அடுக்குவது, கூட்டங்களுக்குத் தேத்தண்ணி வைப்பது, கரும்பலகை துடைப்பது. நல்ல வேலைதான், இப்போது சொல்ல எனக்கு வெட்கமில்லை. அப்போது இருந்தது. அந்தக் கோட்டைத் தோய்ப்பவள் மனுசி ஒருத்திதான், ஆகவே தெரிந்தவளும் அவள் ஒருத்திதான்.

தாளை நான் ஏன் தரவில்லை என்பதற்குக் காரணம் அதன் அடியில் இருந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி வரும்: கதிரையும் தேநீரும் இன்னார். இன்னார் என்பது நான். அடியில் அந்த வரி ஒன்றுதான் என்றால் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிட்டுக் கொண்டுவருவேன். "ஏன் அண்ணை உங்கட கல்லூரித் தாள் எப்பவும் கட்டையா இருக்கு?" என்று நீர் ஒருநாள் கேட்டீர். தாள் தட்டுப்பாடு என்றேன். சிரித்தீர். அந்தச் சிரிப்பில் எவ்வளவு தெரிந்திருந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

பிறகு அந்தச் செய்தி வந்தது. படிப்புக்குக் கட்டணம் இல்லை என்று அரசாங்கம் அறிவித்த புதிது. படவரைவுச் சான்றிதழ், ஒரு வருடம், பகல் வகுப்பு, வேலை அனுபவம் உள்ள பெரியவர்களுக்கு ஆறு இடம். ஊர்ச் சான்றிதழ் தேவையில்லை, வரைந்த படங்களைக் கொண்டுவந்து நேர்முகத்தில் காட்டினால் போதும். மெழுகுத்தாளில் அதை வாசித்தபோது என் உடம்பு சிலிர்த்தது. பொய் சொல்லவில்லை. உம்மை நினைத்தே யாரோ எழுதிய மாதிரி இருந்தது. அந்தத் தகரக் குழாய் கப்பல் ஏறி வந்ததே இதற்காகத்தான் என்று நினைத்தேன்.

ஞாயிறு வரை பொறுக்க முடியாமல் அன்று பின்னேரமே உம்முடைய வீட்டுக்கு ஓடி வந்தேன். நீர் வேலையால் வந்து கால்களைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு இருந்தீர். சொன்னேன். நீர் எழும்பி, ஈரக் காலோடு நடந்துபோய் அலுமாரிக்கு மேலே இருந்த குழாயை இறக்கினீர். தரையெல்லாம் தண்ணீர். தங்கச்சி திட்டாமல் துணி எடுக்க உள்ளே போனாள்.

"ஆறு இடமே அண்ணை?"

"ஆறு. அதில ஒண்டு உம்முடையது. பிரிவுத் தலைவர் என்ர நண்பர். தோளில கை போட்டுக் கதைக்கிறவர்."

"நண்பர் எல்லாம் வேண்டாம். படத்தைப் பாத்தாப் போதும்" என்றீர். "எத்தனை மணிக்கு?"

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலுக்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன். இப்போது ஊர் அறிந்த கதையை ஊர் அறிந்தபடியே எழுதிவிடுகிறேன்.

ஊர் அறிந்த கதை இது. நேர்முகம் காலை ஒன்பது மணியில் இருந்து பன்னிரண்டு மணிவரை. தங்கச்சியும் ரஞ்சினியும் காலையிலேயே வெளியே போன பிறகு, நீர் வேலைக்கு லீவு போட்டு, கலியாணக் கோட்டை உடுத்திக்கொண்டு, டண்டினொங்கில் பத்தரை ரயில் ஏறினீர். அந்தச் சிவப்புப் பெட்டி ரயில் ஸ்பிரிங்வேலைத் தாண்டவில்லை. பந்தயத் திடல் பக்கமிருந்து அறுத்துக்கொண்டு ஓடி வந்த ஒரு வெள்ளைக் குதிரை தண்டவாளத்தின் நடுவில் நின்றுவிட்டது. ஓட்டுநர் மணியடித்தார், கார்ட் கொடியை ஆட்டினார், பள்ளிப் பிள்ளைகள் அப்பிள் காட்டினார்கள். குதிரை அசையவில்லை. அதன் சொந்தக்காரர் வந்து காதுக்குள் ஏதோ சொன்ன பிறகுதான் நகர்ந்ததாம். நீர் கல்லூரிக்கு வந்து சேர ஒன்றேமுக்கால். ஆறு இடமும் நிரம்பி, பிரிவுத் தலைவர் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

இந்தக் கதை எங்கே பிறந்தது என்றால் அடுத்த ஞாயிறு என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். தங்கச்சி எல்லாருக்கும் முன்னால் உம்மைக் கேட்டாள்: "இஞ்சருங்கோ, அண்டைக்கு என்ன நடந்தது எண்டு இன்னும் நீங்கள் சொல்லேல்லை. கிடைக்கேல்லை எண்டு மட்டும்தானே சொன்னனீங்கள்." நீர் கரண்டியைக் கீழே வைத்தீர். வாயைத் திறந்தீர். அதற்குள் நான் பாய்ந்து விழுந்தேன்.

"குதிரை தங்கச்சி, குதிரை! ரயிலுக்கு முன்னால குதிரை!"

மேசை முழுக்கத் திரும்பியது. என் வாய் தன்பாட்டில் ஓடியது. பந்தயத் திடல், கொடி, அப்பிள், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. ஒருவர் சந்தேகப்பட்டார்.

"மூண்டு மணித்தியாலம் ஒரு குதிரை நிண்டதோ? பகிடி விடாதேங்கோ."

"பந்தயக் குதிரை ஐயா! அதுக்கு ஒண்டு நடந்தா ரயிலையே வித்துக் குடுக்கவேணும்."

எல்லாரும் உம்மைப் பார்த்தார்கள். ரஞ்சினிக்கு அப்போது பதின்மூன்று வயது. கையில் கோழிக்காலோடு உம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உண்மையே அப்பா?" என்று கேட்டாள். வழக்கமாக நீர் என்னிடம் அளவைக் கேட்கும் இடம் அது. நான் உம்முடைய முகத்தைப் பார்க்கவில்லை. என் தட்டில் இருந்த கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீர் சொன்னீர்: "ஓம் பிள்ளை. வெள்ளைக் குதிரை."

அதுவரை அந்தக் குதிரைக்கு நான் நிறம் போடவில்லை.

அடுத்த வருடமும் செய்தித்தாளில் அதே படிப்பு வந்தது. இந்தமுறை நேரம், நாள், அறை எல்லாம் எழுதிக்கொண்டு வந்து தந்தேன். நீர் வாசித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தீர். "இனி என்னத்துக்கு அண்ணை. என்னைச் சின்ன மேற்பார்வையாளரா ஆக்கியிருக்கினம். கொஞ்சம் இருந்தும் வேலை செய்யலாம். ரஞ்சினி படிக்கட்டும்." தகரக் குழாய் மறுபடி அலுமாரிக்கு மேலே போயிற்று. அதற்குப் பிறகு நீர் வரைந்த படம் எதையும் நான் பார்க்கவில்லை. என் கோழிக்கூட்டுப் படம் மட்டும் இன்னும் குசினிச் சுவரில் தொங்குகிறது. கோழிகள்தான் போய்விட்டன.

ஒரு ஆடி மாதம், இந்த நாட்டுக் குளிர்காலத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீர் போனீர். செத்த வீட்டில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றவர்களுக்கு நான் குதிரைக் கதையைத்தான் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆறுதல் சொன்ன மாதிரி எனக்கே ஒரு பெருமை. ரஞ்சினி ஒரு மூலையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இரவல் வாங்கிய வெள்ளைச் சேலை. தன் தகப்பனைப் பற்றி ஊரார் சிரித்துப் பேசும் ஒரே கதை அது என்று அவள் அன்று அதை எடுத்து வைத்துக்கொண்டிருக்கவேண்டும்.

அவள் எங்கள் கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் நான் வேலைக்கோட்டோடு கதிரை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒளிய இடமில்லை. என்னைக் கண்டாள். கோட்டைக் கண்டாள். "ஹாய் அங்கிள்" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கக் கதிரையைத் தூக்கினாள். அவ்வளவுதான். அதைப்பற்றி ஒரு நாளும் தாயிடம்கூடச் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. யாருடைய பிள்ளை என்று அந்த நேரம் எனக்கு நெஞ்சில் குத்தியது.

இந்தக் கிழமை செவ்வாய்க்கிழமை அச்சறைக்கு வந்தாள். கையில் ஒரு துண்டுத்தாள்.

"அங்கிள், பரிசு வாங்குற ஸ்டூடன்ஸ் சார்பில நான்தான் பேசோணுமாம். நியூஸ்லெட்டர்ல அதைப் பற்றி ரெண்டு வரி போடக் கேட்டினம்."

"ஆர் பேசுறது, நீயே? நான் அப்பவே சொன்னன் நீ பேச்சாளர் ஆவாய் எண்டு. என்ன பேசப்போறாய்?"

"குதிரைக் கதை. அப்பாட குதிரை. டிபார்ட்மெண்ட் ஹெட்டுக்கு அது சரியாப் பிடிச்சுப்போச்சு."

நான் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. மெஷினில் தாள் இல்லை என்பதை அவள் கவனிக்கவில்லை.

"அது என்னத்துக்குப் பிள்ளை? பழைய கதை. நீ வரைஞ்ச படத்தைப் பற்றிப் பேசன்."

"இல்ல அங்கிள், இட்ஸ் த பெஸ்ட் பார்ட். அப்பாட சான்ஸ் ஒரு ஹோர்ஸாலதான் போனது. ஒருத்தரும் பிழை விடேல்ல. யாரையும் கோவிக்கத் தேவையில்லை. அதை நினைக்கத்தான் எனக்கு ஆறுதல்." பிறகு கேட்டாள்: "அப்பா வந்து சேரேக்க நீங்க இங்க கல்லூரியில நிண்டனீங்கள்தானே? வெள்ளைக் குதிரைதானே?"

"ஓம் பிள்ளை. வெள்ளை."

இந்த ஒரு சொல்லை அவளுக்குச் சொன்னதில் இருந்து மூன்று நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனுசி காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இன்று மத்தியானம் டொரீன் மெழுகுத்தாளைக் கொண்டுவந்து வைத்தாள். முதல் செய்தி பரிசளிப்பு விழா. ரஞ்சினியின் பெயர். அதற்குக் கீழே இரண்டு வரி: இவருடைய தந்தையும் படவரைஞர், இதே கல்லூரியின் நேர்முகத்துக்கு வந்த வழியில் ஒரு குதிரை ரயிலை மறித்ததால் வாய்ப்பை இழந்தவர். நான் வாயால் விட்ட கதை மெழுகில் எழுத்தாகக் கிடந்தது. இனி அதை நானே நானூறு தரம் சுற்றி எடுக்கவேண்டும். அடியில் வழக்கம்போல: கதிரையும் தேநீரும், என் பெயர்.

போத்தலைத் திறந்தேன். அந்த இரண்டு வரியையும் சிவப்பால் அடைத்தேன். அவசரத்தில் பெருவிரல் எல்லாம் பட்டது. டொரீன் பின்னால் வந்து பார்த்துவிட்டு, "என்ன செய்கிறாய், அங்கே வெறுமையாக வருமே, வேறு ஏதும் அடித்துத் தரட்டுமா?" என்று கேட்டாள். வெறுமையாகவே வரட்டும் என்றேன். என் பெயர் இருந்த வரியை நான் தொடவில்லை.

இப்போது உம்முடைய கேள்விக்கு வருகிறேன். "எத்தனை மணிக்கு?" என்று கேட்டீர், ஈரக் காலோடு நின்று.

நேர்முகத்துக்கு வருகிறவர்கள் பெரிய மண்டபத்தில் காத்திருக்க ஒழுங்கு. அவர்களுக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பது யார் என்று தாளின் அடியில் இருந்தது. இந்தமுறை வெட்ட முடியாது, நேர்முகச் செய்தியும் அந்த வரியும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்தன. நீர் ஒன்பது மணிக்கு வந்தால், பிரசுர அதிகாரி சாம்பல் கோட்டோடு தட்டை ஏந்திக்கொண்டு "பால் போடவா?" என்று உம்மிடம் வந்து குனிய வேண்டும். அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பன்னிரண்டரைக்குள் எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கழுத்துப்பட்டியோடு நிற்கலாம் என்று கணக்குப் போட்டேன். இப்படியான நேர்முகங்கள் எப்போதும் பின்னேரம் வரை இழுபடும், இல்லாவிட்டாலும் நான் பிரிவுத் தலைவரிடம் ஒரு சொல் சொன்னால் போதும் என்று நினைத்தேன். அந்த மனிதருக்கு என் பெயர்கூடத் தெரியாது. நான் விட்ட புளுகை நானே நம்பியிருந்தேன்.

உம்மைக் கெடுக்க நினைக்கவில்லை. உம்முடைய கண்ணில் ஒரு முழம் உயரமாக நிற்க நினைத்தேன், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுதிவிட்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீர் வந்தீர். வெயில். கலியாணக் கோட்டு தோளில் இறுகி இருந்தது, தகரக் குழாய் கக்கத்தில். நான் வாசலில் கழுத்துப்பட்டியோடு நின்றேன். "திடீரெண்டு நேரத்தை மாத்திப்போட்டாங்கள் தம்பி" என்றேன். நீர் மண்டபத்துக்குள் நடந்தீர். அங்கே அறிவிப்புப் பலகையில் அந்த வாரத்துச் செய்தித்தாள் குத்தியிருந்தது. வெட்டாத தாள். அதை எப்படி நான் மறந்தேன்? என் கையால் குத்தியதுதான். நீர் அதற்கு முன்னால் போய் நின்று, மேலே இருந்து அடிவரை வாசித்தீர். படத்தைப் பார்க்கும்போது எப்படி ஒவ்வொரு கோடாகப் பார்ப்பீரோ அப்படி. நேரம் இருந்த வரியில் நின்றீர். அடிவரியிலும் நின்றீர். நான் ஓடிப்போய் என்ன சொல்வது என்று தெரியாமல் கழுத்துப்பட்டியைத் திருகிக்கொண்டு நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீர் திரும்பிக் கேட்டீர்: "அண்ணை, தேத்தண்ணி ஏதும் மிச்சம் இருக்கோ?"

ஊற்றித் தந்தேன். கழுவிக் கவிழ்த்த கோப்பையில், ஆறிப்போன தேத்தண்ணி. நீர் இரண்டு கதிரையை இழுத்துப் போட்டீர், உமக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கோப்பையின் அடிவரை குடித்தீர். போகும்போது, "தேத்தண்ணி நல்ல சாயம்" என்றீர்.

அதற்குப் பிறகும் என்னை அண்ணை என்றுதான் கூப்பிட்டீர். ஞாயிறு வந்தால் செய்தி கேட்டீர். ஆனால் தாளைக் கேட்டுக் கை நீட்டுவதை நிறுத்திவிட்டீர். அளவைக் கேட்பதையும் நிறுத்திவிட்டீர். ஆயிரம் பேர் என்றால் ஆயிரம் பேராகவே இருந்துவிட்டது. எனக்கு அதுதான் தண்டனையாக இருந்தது. இது இப்போதுதான் விளங்குகிறது என்று எழுத வந்தேன். இல்லை, அப்போதே விளங்கியது.

அன்று பின்னேரம் பலகையில் இருந்து அந்தத் தாளைக் கழற்றி எடுத்தேன். வெட்டவில்லை. எட்டாக மடித்துப் பணப்பையில் வைத்தேன். ஐந்து வருடமாக இடுப்பில் கிடக்கிறது. மடிப்புகள் கிழிந்து எட்டுத் துண்டாகப் போகிறது. மனுசி ஒருநாள் எடுத்துப் பார்த்துவிட்டு அதே மடிப்பில் திருப்பி வைத்தாள்.

நாளை மறுநாள் ஞாயிறு. தங்கச்சியும் ரஞ்சினியும் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். சாப்பிட்டு முடிந்ததும் இந்தக் கிழமைச் செய்தித்தாளை நான் நின்று வாசிக்க மாட்டேன். ரஞ்சினியின் கையில் கொடுப்பேன். வெறுமையாக இருக்கும் இடத்தைக் காட்டி, "ஏன் அங்கிள்?" என்பாள். பழைய தாளையும் கொடுப்பேன். அவள் உம்மைப் போலவே மேலே இருந்து அடிவரை வாசிப்பாள். பிறகு கேட்பாள், அப்பா ஏன் ஓம் என்று சொன்னார் என்று. எனக்காக என்று சொல்ல வேண்டிவரும். அதைச் சொல்லும்போது என் குரல் எப்படி இருக்கும் என்று என்னால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. ஒருத்தரையும் கோவிக்கத் தேவையில்லை என்று சொன்ன பிள்ளை. கோவிக்கட்டும். புதன்கிழமை மண்டபத்தில் கதிரை நான்தான் அடுக்குவேன், தேத்தண்ணி நான்தான் ஊற்றுவேன். அவள் என் கையால் வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி.

அளவு போடாத படம் உமக்குப் பிடிக்காது. ஆகவே போட்டுவிடுகிறேன். தாளில் இருந்தது ஒன்பது மணியில் இருந்து பன்னிரண்டு மணிவரை. நான் உமக்குச் சொன்னது இரண்டு மணி. நீர் கால் மணி முந்தியே வந்தீர். அன்று ரயில் எல்லா நிலையத்துக்கும் நேரத்துக்கு வந்தது. ஸ்பிரிங்வேலில் தண்டவாளத்தின் மேல் குதிரை எதுவும் நிற்கவில்லை.